பூட்டிய மன்றமும் திறந்த வாயிலும்

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு நாளன்று காலையில் பழைமையான மரபு ஒன்று பேணப்படுகின்றது. அப்பல்கலைக்கழகம் அமைந்துள்ள மிடில்செக்ஸ் மாவட்டத்தின் ஷெரீப் மேடையேறுவார். தம் கைக்கோலால் மேடைப் பலகையைத் தட்டி, கூடியிருக்கும் அவையை ஒழுங்குக்கு அழைப்பார். அதன் பின்னரே விழா தொடங்கும். மரங்கள் சூழ்ந்த அந்த முற்றத்தில் பட்டம் பெறுவோரும், அவர்தம் பெற்றோரும் உற்றாரும், பல்லாண்டுகளுக்கு முன் அதே முற்றத்தில் பட்டம் பெற்ற முதியோருமாக ஆயிரக்கணக்கானோர் நிறைந்திருப்பர். 2020-ஆம் ஆண்டு மே திங்கள் 28-ஆம் நாள் அம்முற்றத்தில் அழைப்பதற்கு ஓர் அவை இருக்கவில்லை.

கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாக மாணவர் அனைவரும் மார்ச் 15-ஆம் நாளுக்குள் விடுதிகளைக் காலி செய்ய வேண்டுமென்று மார்ச் 10-ஆம் நாளே அறிவிக்கப்பட்டிருந்தது. ஐந்தே நாள்களில் கலைந்துபோன அம்மாணவர்க்கு மே 28 அன்று இணையத்தின் வழியாகப் பட்டங்கள் வழங்கப்பட்டன. ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழின் ஆசிரியர் மார்ட்டின் பேரன் சிறப்புரை ஆற்றினார். அதற்கு முந்திய நாள்தான் அமெரிக்காவில் அந்நோயால் இறந்தோரின் எண்ணிக்கை ஒரு இலட்சத்தைக் கடந்திருந்தது. தத்தம் இல்லங்களில், தத்தம் கணினித் திரைகளின் முன்னே, பட்டதாரிகளும் அவர்தம் குடும்பத்தாரும் அமர்ந்திருந்தனர். சான்றிதழ்கள் அஞ்சலில் போய்ச் சேர்ந்தன. சட்டப்படி அவற்றில் யாதொரு குறையும் இல்லை.

ஆயினும் அந்த விழா முற்றுப்பெற்றதாக யாரும் கருதவில்லை. ஈராண்டுகள் கழிந்தபின், 2022 மே 29 அன்று, 2020-ஆம் ஆண்டிலும் 2021-ஆம் ஆண்டிலும் பட்டம் பெற்றவர்களுக்கென அதே முற்றத்தில் தனியாக ஒரு விழா நடத்தப்பட்டது. வேலையில் அமர்ந்துவிட்டவர்களும், தொலைவூர்களில் குடியேறிவிட்டவர்களும் மீண்டும் அங்கி அணிந்து வந்தனர். கையில் ஏற்கெனவே இருக்கின்ற பட்டத்துக்காக ஒருவர் ஏன் மறுபடியும் வந்து நிற்க வேண்டும்? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், கல்லூரி விழா என்பது எங்கிருந்து பிறந்தது, கொள்ளைநோய்கள் அதனை எவ்வெவ்வாறு சோதித்தன என்னும் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

உரிமமும் தொடக்கமும்

பல்கலைக்கழகம் என்னும் அமைப்பு 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் உருப்பெற்றது. அக்காலத்துப் பாரிசில் ஒருவர் ஆசிரியர் ஆவதற்கு இரண்டு படிகளைக் கடக்க வேண்டியிருந்தது. முதற்படி, கற்பிக்கும் உரிமம். இதனை மறைமாவட்டப் பேராலயத்தின் சான்சிலர் வழங்குவார். இரண்டாம் படி, ‘தொடக்கம்’ எனப்பட்ட பொதுச்சடங்கு. புதியவர் மூத்த ஆசிரியர்களின் முன்னிலையில் தொப்பி சூட்டப்பெற்று, ஆசிரியர் இருக்கையில் அமர்த்தப்பெற்று, தம் முதல் உரையை நிகழ்த்துவார். அவர்கள் அவரைத் தம்முள் ஒருவராக ஏற்றுக்கொள்வர்.

இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு நுட்பமானது. உரிமம் அதிகாரத்திலிருந்து வருவது. ஒருவர் கொடுக்க, மற்றொருவர் பெற்றுக்கொள்ளலாம். தொடக்கமோ சமூகத்திலிருந்து வருவது. பலர் கூடி நின்று கண்டு ஏற்றாலன்றி அது நிகழாது. உரிமம் பெற்றும் தொடக்கம் நிகழாதவர் முழுமையான ஆசிரியராகக் கருதப்படவில்லை. இன்றும் அமெரிக்கர் பட்டமளிப்பு விழாவைக் ‘கமென்ஸ்மெண்ட்’, அதாவது தொடக்கம், என்னும் பெயராலேயே அழைக்கின்றனர். படிப்பு முடிகின்ற நாளுக்கு இப்பெயர் எப்படி வந்தது என்று வியப்போர்க்கு இப்பழைய சடங்கே விளக்கம்.

அத்தொடக்க நாளில் புதிய ஆசிரியர் விருந்தும் அளிப்பது வழக்கமாயிற்று. நண்பரும் ஊராரும் திரண்டனர். செலவு கட்டுக்கடங்காமல் போயிற்று. 1311-12-இல் கூடிய வியென் பொதுச்சங்கக் காலத்தில், பாப்பிறை 5-ஆம் கிளமெந்து அச்செலவுக்கு வரம்பு கட்ட வேண்டிய நிலை ஏற்பட்டது என்றால், அக்கூட்டத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம். கடன்பட்டேனும் நாலு பேர் அறிய நடத்த வேண்டும் என்னும் அவா நம்மூர்த் திருமண வீடுகளுக்கு மட்டும் உரியதன்று.

கடல் கடந்து சென்ற ஆங்கிலேயர் இம்மரபையும் உடன் கொண்டு சென்றனர். 1636-இல் நிறுவப்பட்ட ஹார்வர்டு கல்லூரியின் முதல் பட்டமளிப்பு விழா 1642-இல் நடைபெற்றது. அன்று பட்டம் பெற்றோர் ஒன்பதே பேர். நாளடைவில் அவ்விழா மாசச்சூசெட்ஸ் மக்கள் அனைவருக்கும் உரிய திருநாளாகவே மாறியது. கடைகள் போடப்பட்டன, சுற்றுவட்டாரத்தினர் வண்டி கட்டிக்கொண்டு வந்தனர்.

பின்னர் மற்றொரு தரப்பினரும் இதனுள் இணைந்தனர். 1821-இல் மாசச்சூசெட்சின் வில்லியம்ஸ் கல்லூரிக்கு ஒரு பேரிடர் நேர்ந்தது. அதன் தலைவரே மாணவர் சிலருடன் வெளியேறி, ஆமர்ஸ்ட் என்னும் ஊரில் வேறொரு கல்லூரியைத் தொடங்கினார். தாய்க்கல்லூரி மூடப்பட்டுவிடுமோ என்று அஞ்சிய முன்னாள் மாணவர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். இன்றளவும் தொடர்ந்து இயங்கிவரும் முன்னாள் மாணவர் சங்கங்களுள் உலகிலேயே மூத்தது அதுவே. இருபதாம் நூற்றாண்டில் பெற்றோர் வந்து தங்கிச் செல்லும் குடும்ப நாள்களும், பழைய மாணவர் ஊர்வலங்களும் பெருகின. இவ்வாறு மாணவர், முன்னாள் மாணவர், குடும்பத்தார் என்னும் மூன்று இழைகள் முறுக்கிய கயிறாகக் கல்லூரி வாழ்வு அமைந்தது. அம்மூன்றும் ஓரிடத்தில் சேர்கின்ற நாளே விழா நாள்.

நோய் மூடிய கதவுகள்

கூடுவதே ஆபத்து என்று ஆகின்ற காலங்களில் இக்கயிறு முதலில் அறுந்தது. 1665-இல் இங்கிலாந்தைப் பிளேக் நோய் வாட்டியபோது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மாணவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அவ்வாண்டில்தான் இளங்கலைப் பட்டம் பெற்றிருந்த ஐசக் நியூட்டன், வுல்ஸ்தார்ப் என்னும் தம் சிற்றூருக்குத் திரும்பினார். இடையில் சிறிது காலம் கேம்பிரிட்ஜ் வந்துபோனது நீங்கலாக, 1667-ஆம் ஆண்டின் இளவேனில் வரை அங்கேயே தங்கினார். அத்தனிமையில் அவர் செய்த ஆராய்ச்சிகளை உலகம் போற்றுகின்றது. ஆனால் அவரோடு கலைந்துபோன மற்றை மாணவர் எத்தனை பேர், அவர்கள் எதனை இழந்தனர் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தனிமை ஓர் அறிஞரை வளர்த்தது உண்மையே. ஒரு கல்லூரியை அது வளர்க்கவில்லை.

1752-ஆம் ஆண்டிலும் 1764-ஆம் ஆண்டிலும் பாஸ்டன் நகரில் பெரியம்மை பரவியபோது, ஹார்வர்டின் பொதுப் பட்டமளிப்பு விழா நடைபெறவில்லை. அவ்வாண்டு மாணவர்க்கு ஊரார் திரண்ட திருநாள் வாய்க்கவில்லை. பாரிசுச் சொல்லில் கூறுவதானால், உரிமம் கிடைத்தது, தொடக்கம் கிடைக்கவில்லை.

1918-இன் இன்புளுவென்சா இன்னும் கொடியது. முதல் உலகப்போரின் இறுதிக் கட்டம் அது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் அமெரிக்காவின் 500-க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் ஏறத்தாழ 1,40,000 மாணவர் ஒரே நாளில் படைப்பயிற்சிக்கு உறுதிமொழி எடுத்தனர். விடுதிகள் பாசறைகள் ஆயின. நெருக்கியடித்துப் படுத்துறங்கிய அந்த அறைகளில் நோய் தீயெனப் பரவிற்று. பல வளாகங்கள் வெளியாருக்கு மூடப்பட்டன. மகனுக்குக் காய்ச்சல் என்னும் செய்தி தந்தி வழியே வீடு சேர்ந்தது; சில வேளைகளில் அதனைத் தொடர்ந்து மற்றொரு தந்தியும் வந்தது. தொலைபேசி அப்போதே இருந்தது. ஆனால் இணைப்புக் கொடுக்கும் பெண்கள் நோயில் விழுந்ததால், இன்றியமையாத அழைப்புகளைத் தவிர வேறெதற்கும் பேச வேண்டாமென்று பிலடெல்பியா நகரின் தொலைபேசி நிறுவனம் நாளிதழ்களில் விளம்பரம் செய்ய நேர்ந்தது. கம்பி இருந்தும் பயனில்லை. அதன் நடுவே மனிதக் கை ஒன்று தேவைப்பட்டது.

வானலைகளைக் கொண்டு இவ்விடைவெளியைக் கடக்க முடியும் என்பதற்கு முதற்சான்று 1937-இல் சிகாகோவில் கிடைத்தது. இளம்பிள்ளைவாதம் பரவியதால் அந்நகரப் பள்ளிகள் அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் திறக்கப்படவில்லை. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான ஏறத்தாழ 3,15,000 சிறார்க்கு வானொலி நிலையங்கள் வழியே பாடங்கள் ஒலிபரப்பாயின. எந்நேரத்தில் எந்தப் பாடம் என்னும் அட்டவணையை நாளிதழ்கள் வெளியிட்டன. பெற்றோர் ஐயம் கேட்கத் தொலைபேசி ஏற்பாடும் இருந்தது. சில வாரங்களே நீடித்த அம்முயற்சி பாராட்டைப் பெற்றது. அதே வேளையில், வானொலிப் பெட்டி இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும் என்னும் கேள்வியும் அன்றே எழுந்தது. அக்கேள்வி 83 ஆண்டுகள் காத்திருந்து, புத்துருவில் மீண்டும் வந்தது.

திரையில் விரிந்த மேடைகள்

2020 மார்ச் 6 அன்று சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் நேரடி வகுப்புகளை நிறுத்துவதாக அறிவித்தது. மார்ச் 11 அன்று உலக நலவாழ்வு நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று எனக் கூறியது. மார்ச் 25 அன்று இந்தியா முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. சில வாரங்களுக்குள் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 160 கோடி மாணவரின் படிப்பு பாதிக்கப்பட்டது. எந்தக் கொள்ளைநோயும் இத்தனை பள்ளிகளையும் கல்லூரிகளையும் ஒரே நேரத்தில் மூடியதில்லை.

ஆனால் இம்முறை கம்பியின் நடுவே மனிதக் கை தேவைப்படவில்லை. 2011-இல் தொடங்கப்பட்ட ‘ஜூம்’ என்னும் காணொலி நிறுவனத்தின் கூட்டங்களில் 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு அதிகபட்சமாக ஒரு கோடிப் பேர் கலந்துகொண்டனர். 2020 மார்ச்சில் அத்தொகை இருபது கோடியைத் தாண்டியதாக அந்நிறுவனம் தெரிவித்தது. வகுப்புகளைத் தொடர்ந்து விழாக்களும் திரைக்கு வந்தன. பழைய மாணவர் சந்திப்பு, புதிய மாணவர் வரவேற்பு, பெற்றோர் நாள், இசை நிகழ்ச்சி, நினைவுக் கூட்டம் ஆகிய அனைத்தும் சிறுசிறு கட்டங்களாகப் பிரிந்த திரையொன்றில் நடந்தேறின.

மனிதரின் கற்பனை அந்நாள்களில் சோர்ந்துவிடவில்லை. மார்ச் 28 அன்று டோக்கியோவின் பிசினஸ் பிரேக்த்ரூ பல்கலைக்கழகம், அங்கியும் தொப்பியும் அணிவித்த இயந்திர உருவங்களை மேடையில் நடத்திக் காட்டியது. அவற்றின் முகத்திருந்த திரையில் மாணவரின் முகம் தெரிந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் ‘மைன்கிராப்ட்’ என்னும் கணினி விளையாட்டினுள் தம் வளாகத்தைக் கட்டடம் கட்டடமாக எழுப்பி, மே 16 அன்று அங்கே கூடினர். மறுநாள் இந்தியானாவிலுள்ள நோட்டர்டாம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் இணையவழியே பட்டங்களை வழங்கியது. நம் நாட்டில், மும்பையின் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஆகஸ்ட் 23 அன்று நடத்திய விழாவில், ஒவ்வொரு மாணவரின் கணினி உருவமும் மேடையேறி, இயக்குநரின் கணினி உருவத்திடமிருந்து பட்டம் பெற்றது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலறிஞர் டங்கன் ஹால்டேன் சிறப்பு விருந்தினராக இருந்தார்.

இவற்றுள் சில இன்று நகைப்பை விளைவிக்கலாம். ஆனால் அவற்றின் பின்னேயிருந்த தவிப்பைக் காண வேண்டும். கோப்பில் பதிந்து, அஞ்சலில் அனுப்பிவிட்டால் முடிந்துபோகும் ஒரு செயலுக்கு ஏன் இத்தனை பாடு? உரிமம் போதாது, தொடக்கம் வேண்டும் என்று எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பாரிசு ஆசிரியர்கள் உணர்ந்ததையே இவர்களும் உணர்ந்தனர். நடந்துசெல்ல வேண்டும், பெயர் அழைக்கப்பட வேண்டும், யாரேனும் பார்க்க வேண்டும்.

வாயில் எவர்க்குத் திறந்தது?

மன்றம் பூட்டப்பட்டதால் உள்ளே வர இயலாமற் போனவர்களைப் பற்றி அந்நாளில் பலரும் எழுதினர். ஆனால் மன்றம் திறந்திருந்த காலங்களில் உள்ளே வந்தவர் யார், வராதவர் யார் என்று கேட்டவர் சிலரே. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் ஒரு மாணவருக்கு இத்தனை அனுமதிச்சீட்டுகள்தாம் என்னும் வரம்பு உண்டு. தாய்க்கும் தந்தைக்கும் கொடுத்தபின், வளர்த்த பாட்டிக்குச் சீட்டு இராது. தொலைவிலுள்ள குடும்பத்துக்குப் பயணச் செலவு தடை. வேற்றுநாட்டார்க்கு விசா தடை. நோயுற்றோர்க்கு உடலே தடை. ஒரு நாள் கூலியை இழக்க முடியாத தந்தைக்கு வயிறே தடை.

2019-20 கல்வியாண்டில் அமெரிக்காவில் பயின்ற இந்திய மாணவர் மட்டும் 1,93,124 பேர். அவர்களுள் தமிழகத்துப் பிள்ளைகளும் உண்டென்பது நாம் அறிந்ததே. அவர்களின் பட்டமளிப்பு விழாவைப் பெற்றோர் நேரில் கண்டது எத்தனை குடும்பங்களில்? கடன் பெற்று அனுப்பிவைத்த பிள்ளையின் விழாவுக்கு மேலும் கடன் பெற்றுச் செல்ல எத்தனை பேரால் இயலும்? பின்னர் வந்துசேரும் நிழற்படமே பலர்க்கும் விழாவாக இருந்தது. அங்கே முற்பகல் என்றால் இங்கே இரவு. ஆனால் 2020-இல் முதன்முறையாக, பாஸ்டனில் உள்ள பெற்றோரும் பாளையங்கோட்டையில் உள்ள பெற்றோரும் ஒரே வரிசையில் அமர்த்தப்பட்டனர். முன்வரிசை என ஒன்று இல்லாமற் போனதால், பின்வரிசையும் இல்லாமற் போயிற்று.

மே 16 அன்று அமெரிக்காவின் வரலாற்றுச் சிறப்புடைய கறுப்பினக் கல்லூரிகள் 78 ஒன்றிணைந்து ஒரே இணைய விழாவை நடத்தின. 27,000-க்கும் மேற்பட்ட பட்டதாரிகள் அதில் சிறப்பிக்கப்பட்டனர். முன்னாள் குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா அவர்களை நோக்கி உரையாற்றினார். தனித்தனியே ஒரு சிறு கல்லூரி இத்தகைய உரையாளரைத் தன் மேடைக்கு அழைத்திருக்க முடியுமா என்பது ஐயமே.

முன்னாள் மாணவரிடையேயும் இம்மாற்றம் தெரிந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் மறுகூடல் விழாவில் மூத்த தலைமுறையினர் முன்னே செல்ல, இளையோர் பின்தொடரும் ஊர்வலம் புகழ்பெற்றது. மிக முந்திய ஆண்டில் பட்டம் பெற்று, அவ்வாண்டு வந்து சேரும் முதியவருக்கு வெள்ளிப்பூண் இட்ட கைத்தடி அளிக்கப்படும். ‘வந்து சேரும்’ என்னும் சொற்களில்தான் அம்மரபின் உயிர் இருக்கின்றது. ஆனால் வந்து சேர இயலாத முதியோர் எத்துணைப் பேர்! 2020 மே இறுதியில் அம்மறுகூடல் இணையத்தில் நடந்தபோது, படுக்கையில் இருந்தவர்க்கும் தம் தோழரின் முகத்தைக் காண வழி பிறந்தது.

எவர்க்கு மூடியது?

எனினும் அந்த வாயிலுக்கும் ஒரு காவல் இருந்தது. கணினி, தடையற்ற இணையம், தனியே அமர ஓரிடம் ஆகிய மூன்றும் இல்லாதவர்க்கு அது திறக்கவில்லை. மூன்று வயது முதல் பதினேழு வயது வரையிலான உலகச் சிறார் 130 கோடிப் பேருக்கு, அதாவது மூன்றில் இரு பங்கினர்க்கு, வீட்டில் இணைய வசதி இல்லையென்று ஐ.நா. குழந்தைகள் நிதியம் 2020 இறுதியில் தெரிவித்தது. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலேயே, மூடிய நூலகங்களின் வாகன நிறுத்தத்தில் காரை நிறுத்தி, அங்கே கசியும் இணைய அலையைப் பற்றிக்கொண்டு மாணவர் படித்தனர். சிகாகோவில் வானொலிப் பெட்டி இல்லாத பிள்ளையின் பேரப்பிள்ளைகள் என்றே இவர்களைக் கூறலாம்.

திரையில் இருப்பது ‘இருப்பு’ ஆகுமா என்னும் கேள்வி சட்டத்தின் முன்னும் வந்தது. 2020 ஜூலை 6 அன்று, இலையுதிர்காலப் பருவத்தில் முழுவதும் இணையவழியே பயிலும் அயல்நாட்டு மாணவர் நாட்டில் தங்க இயலாதென்று அமெரிக்கக் குடியேற்றத் துறை அறிவித்தது. ஹார்வர்டும் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் ஜூலை 8 அன்று வழக்குத் தொடுத்தன. பல கல்வி நிறுவனங்களும் மாநிலங்களும் எதிர்ப்புத் தெரிவித்தன. ஜூலை 14 அன்று அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. எட்டு நாள்களே உயிர்வாழ்ந்த அந்த ஆணை, இலட்சக்கணக்கான இளைஞரின் உறக்கத்தைக் கெடுத்தது. நோய்க்கு அஞ்சி வகுப்பறையை மூடியவர் கல்லூரியார். அதன் விலையைச் செலுத்த வேண்டியவராக நின்றவர் அயல்நாட்டு மாணவர். திரைக்கு முன்னே அனைவரும் சமம் என்னும் எண்ணம் எவ்வளவு மெல்லியது என்பதை அந்நாள்கள் காட்டின.

வேறு இழப்புகளும் இருந்தன. அவற்றை எண்ணால் அளக்க இயலாது. 1746-இல் நிறுவப்பட்ட பிரின்ஸ்டனில், 274 ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாகக் கறுப்பின மாணவர் ஒருவர் அவ்வாண்டின் முதன்மை மாணவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மே 31 அன்று நடந்த இணைய விழாவில் அவர் உரையாற்றினார். அத்தனை தலைமுறைகள் காத்திருந்து வந்த அந்தக் குரலுக்கு முற்றம் நிறைந்த மக்கள் எழுந்து நின்று கைதட்டியிருக்க வேண்டும். காணொலிக் கூட்டங்களிலோ, ஒலி குழம்பும் என்பதற்காக, கேட்போர் தத்தம் ஒலிவாங்கியை அணைத்துவைப்பதே நடைமுறை. கைகள் அசைவது தெரியும், ஓசை வராது. பெயர் அழைக்கப்படும்போது கூட்டத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து தன்னை மறந்து எழுகின்ற ஒரு தாயின் குரல், அறியாத நூறு பேரைத் திரும்பிப் பார்க்கச் செய்யும் அந்தக் குரல், திரைவிழாவில் கேட்கவே இல்லை.

சாட்சி என்பது இதுதான் போலும். நம்மை நேசிப்போர் நம்மைக் காண்பது ஒரு பாதி. அவர்கள் நம்மைக் காண்பதை ஊரார் காண்பது மறுபாதி. முதற்பாதியைக் கம்பி கொண்டுசேர்த்தது. மறுபாதிக்காகவே 2020-ஆம் ஆண்டுப் பட்டதாரிகள் ஈராண்டு காத்திருந்து திரும்பி வந்தனர்.

நோய் தணிந்த பின்

பெருந்தொற்று தணிந்தது. மன்றங்கள் திறந்தன, முற்றங்கள் நிறைந்தன. மகிழத்தக்கதே. ஆனால் இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். திரைவிழா ஓர் இடர்காலத் துணி. மழை விட்டதும் குடையை மடக்கி வைப்பதுபோல மடக்கிவிடலாம் என்று கருதுவோர் உண்டு. அவர்களுக்கு விழா மீண்டுவிட்டது. மழைக்கு முன்பும் வெளியே நின்றிருந்தவர்க்கு? சீட்டுக் கிடைக்காத பாட்டிக்கும், விசாக் கிடைக்காத தந்தைக்கும், படுக்கையிலிருக்கும் பழைய மாணவருக்கும் 2020 ஒரு கதவைத் திறந்துவைத்தது. மற்றவர்க்கு வாயில் திறந்த அதே நாளில் அவர்களுக்கு அது மூடப்படுமாயின், அவர்கள் நிலை முன்னிலும் துயரமானது; உள்ளே என்ன நடக்கின்றது என்பதை அவர்கள் இப்போது கண்டுவிட்டார்கள்.

நல்ல வேளையாக, பல கல்லூரிகள் விழாவை நேரில் நடத்துவதோடு இணையத்திலும் ஒளிபரப்புகின்றன. பெருந்தொற்றுக்கு முன்பே இதனைச் செய்தோரும் உண்டு. ஆயினும் ஒளிபரப்பு வேறு, அழைப்பு வேறு. படப்பிடிப்புக் கருவியை ஒரு மூலையில் நிறுத்திவிட்டு, பார்ப்போர் பார்க்கட்டும் என்று விடுவது ஒளிபரப்பு. தொலைவில் இருப்போரையும் அவையினராக எண்ணி, அவர்களுக்கும் வணக்கம் கூறி, அவர்கள் விளங்கிக்கொள்ளும் மொழியில் சில சொற்களேனும் பேசி, அவர்களின் வாழ்த்தையும் மன்றத்தில் வாசிப்பது அழைப்பு. முன்னதற்குப் பணம் வேண்டும். பின்னதற்கு மனம் வேண்டும். மனம் இருந்தால் செலவும் பெரிதன்று.

நம் தமிழ்நாட்டில் நூற்றாண்டு கண்ட கல்லூரிகள் பல. ஆண்டுதோறும் அவற்றில் ஆண்டு விழாக்களும், பழைய மாணவர் கூடுகைகளும் நடைபெறுகின்றன. மேடையில் அமர்வோரின் பட்டியல் நீளமானது. அழைப்பிதழின் தாள் தடிப்பானது. முதல் தலைமுறையாகக் கல்லூரியில் கால் வைத்த பிள்ளையின் பெற்றோர், அந்த அழைப்பிதழின் ஆங்கிலத்தையும் மன்றத்தின் பகட்டையும் கண்டு கூசி, வராமலே இருந்துவிடுவதும் உண்டு. அவர்களுக்கும் நமக்கும் இடையே கடல் இல்லை, விசா இல்லை, நோயும் இல்லை. இருந்தும் அவர்கள் தொலைவில் இருக்கின்றார்கள். அத்தொலைவைக் கடக்க எந்தக் கணினிச் செயலியும் உதவாது. வீட்டுக்குச் சென்று, ‘உங்கள் மகளின் பெயரை அழைக்கும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும்’ என்று கூறும் ஓர் ஆசிரியரே அதற்குப் போதும்.

1642-இல் ஒன்பது பேருக்கு விழா எடுத்தவர்களும், 2020-இல் விளையாட்டுக் கட்டைகளால் வளாகம் கட்டியவர்களும் ஒன்றையே தேடினர். கற்றவரை ஊரார் முன் நிறுத்தி, ‘இவர் நம்மவர்’ என்று சொல்லத் தேடினர். கொள்ளைநோய்கள் அந்த ஊரைக் கலைத்தபோதெல்லாம், அது எவ்வளவு பெரிது என்பது புரிந்தது. கடைசியாக வந்த நோய், அது அதுவரை எவ்வளவு சிறிதாக இருந்தது என்பதையும் சேர்த்துப் புரியவைத்தது. அடுத்த விழாவுக்கு நாற்காலிகளை வரிசையாகப் போடும்போது, அவற்றுள் எத்தனை யாருக்காக என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.